கடகடத்த ஃபேனும் ஜெபத்தில் விட்டுப்போன என் பெயரும்

என் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஃபேன் ஓடுகிறது. போன கோடை முழுவதும் அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்று நான் ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

ஃபேன் சத்தம் போட்டதெல்லாம் ஒரு சாட்சியா என்று இதை வாசிக்கிற நீங்கள் நினைக்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஆண்டவர் என்னை எந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டார் என்று சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்கவில்லை. அதனால் ஃபேனிலேயே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் தேவசகாயம். மன்னார்குடிப் பக்கத்தில் வாய்க்கால் ஓரத்து ஊர். தொழில் மோட்டார் மெக்கானிக். டீசல் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு தண்ணீர் இறைத்த காலத்தில் தொடங்கி, போர் குழிக்குள் மோட்டாரை இறக்கும் இந்தக் காலம் வரைக்கும் எங்கள் சுற்றுவட்டாரத்து வயல்களில் என் கை படாத பம்பு குறைவு. எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிவதற்குள் அவர்கள் வீட்டுக் கிரைண்டர் ஏன் இழுக்கிறது என்று பார்த்துவிடுவேன். வேதபாட வகுப்பில் நான் வாயைத் திறந்தால் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “மோட்சத்தில் ராத்திரி கிடையாது என்றால் தூக்கம் எப்போது?” என்று ஒரு நாள் கேட்டேன். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

என் மனைவி ஞானம் சொல்லுவாள்: “இவரை மோட்சத்துக்கே கூட்டிட்டுப் போனாலும் வாசக் கதவோட கீலை நோண்டிட்டுத்தான் உள்ள போவாரு.”

அப்படிப்பட்ட ஒருவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் என் வியாதி.

போன வருடம் தவக்காலத்தில் நடந்தது. ஒரு வயல் மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தேன். தொட்டி ஓரம் பாசி. ஏறும்போது பார்த்து ஏறினேன், இறங்கும்போது மோட்டாரைப் பற்றி யோசித்துக்கொண்டே இறங்கினேன். விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்துபோனது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் நன்றாகத்தான் இருந்தேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வலி உயிர் போனது. ஆனால் வாய் ஓயவில்லை. “டாக்டரம்மா, இந்த ஸ்க்ரூ என்ன உலோகம்? துரு பிடிக்காதா? எலும்புக்குள்ள மரை எப்படிப் பிடிக்குது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். இரண்டாம் நாளே வாக்கரைக் கையில் கொடுத்து வராந்தாவில் நடக்கவைத்தார்கள். அனுப்பும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

“ஐயா, எலும்பை நாங்க சேத்துட்டோம். வீட்டுக்குப் போய் நடக்கணும். வலிச்சாலும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும். படுத்துடாதீங்க.”

வீட்டுக்கு வந்தேன். படுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால், முதல் வாரத்திலேயே சமையலறைப் படியில் வாக்கரின் கால் தட்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. விழவில்லை. ஞானம் பிடித்துக்கொண்டாள். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கட்டிலைவிட்டுக் காலை ஊன்றும்போதெல்லாம் அந்தப் பாசித் தொட்டிதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

இரண்டாவது காரணம், நம்முடைய அன்பு. இதைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் சபையில் யாராவது படுத்துவிட்டால் நாம் எப்படித் தாங்குகிறோம் என்று உங்களுக்கே தெரியும். ரொட்டி, ஆரஞ்சு, முட்டை என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். வருகிறவர்களைப் பார்த்து நான் எழுந்து உட்காரப் பார்ப்பேன். உடனே நாலு கை என் தோளில் விழும். “ஐயோ, எந்திரிக்காதீங்க. படுங்க, படுங்க. எங்களுக்காக எந்திரிச்சா அது எங்களுக்குப் பாவம்.” பெரியவர் ஒருவரை எழவைப்பது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அதனால் என்னை மரியாதையாகப் படுக்கவைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு மாறியது. நான் கட்டிலில், எல்லோரும் கீழே பாயில். நற்கருணையும் கட்டிலுக்கே வந்தது. சாப்பாட்டுத் தட்டும் வந்தது. வாக்கர் கதவோரம் சும்மாதானே நிற்கிறது என்று ஞானம் அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் அவளுடைய புடவையும் அதன்மேல் ஏறியது.

வைகாசி பிறப்பதற்குள் நான் வேறு ஆளாகிவிட்டேன்.

அது எப்படி வந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தாலும் வாசல் எது என்று தெரியவில்லை. அழுகை வந்ததா என்றால் இல்லை. அழுகை வந்திருந்தாலும் தேவலை. எதுவும் வரவில்லை. திருச்சியிலிருந்து மகள் போன் செய்வாள். “ம்” என்பேன். பேரன் பரீட்சையில் தேறிவிட்டான் என்பாள். அதற்கும் “ம்”. சோறு வாய்க்குள் போனால் மண். விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கும். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று ஞானம் வந்து சொன்னாள். காவிரிப் பக்கத்துக்காரனுக்கு அதைவிடச் செய்தி உண்டா? எங்கே வந்திருக்கிறது, எவ்வளவு விட்டிருக்கிறான், எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று நச்சரிக்கிறவன் நான். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

தலைக்கு மேலே ஃபேன் கடகடத்தது. அதைக் கேட்டேன், ஆனால் அது யாருடைய ஃபேனோ என்பதுபோல் கேட்டேன்.

ஜெபம் செய்யாமல் இல்லை. ஒரே ஜெபம். “ஆண்டவரே, போதும். என்னை எடுத்துக்கொள்ளும்.” காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். ஞானத்தின் காதில் விழுகிறது என்று தெரிந்தும் அதைத்தான் சொன்னேன். கஞ்சியைத் தள்ளிவைக்க ஆரம்பித்தேன். ஆபரேஷன் செய்த இடம் ஆறிக்கொண்டிருந்தது, நான் தேய்ந்துகொண்டிருந்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தைச் சொல்லவேண்டும். எங்கள் ஆலயத்துக் கோபுரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறது. ஆராதனையில் வியாதியஸ்தருக்காகப் போதகர் ஜெபிப்பது வாய்க்கால் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் தெளிவாகக் கேட்கும். ஞானம் ஆலயத்தில் இருப்பாள், நான் தனியாகக் கட்டிலில் கிடப்பேன். ஒவ்வொரு வாரமும் போதகர் உருகி உருகிச் சொல்லுவார்: “படுத்த படுக்கையாய்க் கிடக்கிற எங்கள் சகோதரர் தேவசகாயம் அவர்களைக் கண்ணோக்கிப் பாரும், ஆண்டவரே.” சபையே “ஆமென்” சொல்லும். ஊரே கேட்கும். டீக்கடையில் நிற்கிறவனும் கேட்பான். நானும் கேட்பேன். படுத்த படுக்கை. ஆமாம், நான் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின ஞாயிறு. வழக்கம்போல ஞானம் பக்கத்தில் தண்ணீர் செம்பை வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஆலயத்துக்குப் போனாள். வழக்கம்போலக் குழாயில் ஜெபம் வந்தது. காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளைக்காக ஜெபித்தார். பிரசவத்துக்குப் போயிருக்கும் ஒரு மகளுக்காக. சர்க்கரையில் கால் புண்பட்ட தையல்காரருக்காக. அடுத்தது நான்தான் என்று காத்திருந்தேன்.

“ஆமென்” என்றார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

என் பெயர் வரவில்லை.

முதலில் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். தையல்காரர் பெயர் கேட்டதே, அவருடைய புண் கேட்டதே! பிறகுதான் சுரீர் என்று ஏறியது. அதெப்படி என்னை விடலாம்? நான் செத்தா போய்விட்டேன்? எழுந்து நடமாடுகிறேன் என்று யாராவது சொன்னார்களா? இத்தனை வாரம் சொன்னவருக்கு இந்த வாரம் என்ன வந்தது?

பிரியமானவர்களே, சாவதற்கு ஜெபித்துக்கொண்டிருந்தவன், செத்தவன்போல் விட்டுவிட்டார்களே என்று கோபப்பட்டேன். அதில் இருக்கிற வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை.

யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் என்று இருந்தது. ஞானம் வருவதற்குள் ஆறிவிடும், இப்போதே கேட்கவேண்டும். கட்டிலைப் பிடித்து உட்கார்ந்தேன். தலை சுற்றியது. கட்டில் விளிம்போடு நகர்ந்து, கதவோரம் நின்ற வாக்கரை எட்டி இழுத்தேன். புடவையைக் கட்டிலில் போட்டேன். துண்டு இன்னும் ஈரம், அதைத் தோளில் போட்டுக்கொண்டேன். பனியன், கைலி, தோளில் ஈரத்துண்டு. இந்தக் கோலத்தில் சமையலறைப் பக்கம் திரும்பாமல் நேரே வாசலுக்குப் போனேன். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் ஆலயத்தில். வாக்கரை எடுத்து வைத்து, காலை எடுத்து வைத்து, மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்து நின்று, மறுபடியும் வாக்கரை எடுத்து வைத்துப் போனேன். வாய்க்கால் மதகு வரைக்கும்தான் முடிந்தது. அங்கே கட்டைச் சுவரில் ‘தொப்’பென்று உட்கார்ந்தேன். தொடை வெடவெடவென்று ஆடியது.

அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கிரிசாமி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, விவசாயி, என் வயதுதான். அவருடைய மோட்டாரை நான் பார்த்த அளவுக்கு அவருடைய முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன். என்னைப் பார்த்துவிட்டு அவர் எழுந்திருக்கவும் இல்லை, ஐயோ என்று பதறவும் இல்லை. பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“என்ன மெக்கானிக்கு, ரிப்பேர் முடிஞ்சு டெலிவரி குடுத்துட்டாங்களா?”

“அதை அப்புறம் பேசலாம். நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“தண்ணி வருது. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

குனிந்து பார்த்தேன். வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரையில் தண்ணீரின் முன்நுனி அப்போதுதான் மதகைத் தொட்டுக்கொண்டிருந்தது. சருகு, நுரை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அது நிரம்பினதும் மேலே ஏறி, அடுத்ததுக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

“இந்த வேகத்துல கடைமடைக்கு எப்பப் போய்ச் சேரும்?” என்று கேட்டேன்.

“போய்ச் சேரும். நீங்க இங்க வரைக்கும் வந்து சேரல?” என்றார் பக்கிரிசாமி.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். மதகில் என்னைப் பார்த்ததும் கூட்டம் ஓடிவந்தது. “யாரு கூட்டிட்டு வந்தது? ஆட்டோ கூப்பிடுங்க!” என்று ஒரே சத்தம். போதகர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. நான் வணக்கம் சொல்லவில்லை, நேரே கேட்டேன்.

“ஏன் ஐயா இன்னைக்கு என் பேரைச் சொல்லல? மறந்துட்டீங்களா?”

அவர் வயதில் சின்னவர். முகம் சிவந்துவிட்டது. “மறக்கலைங்க ஐயா.”

“பின்ன?”

“சொல்ல வேண்டாம்னு ஒருத்தங்க கேட்டுக்கிட்டாங்க. யாருன்னு நான் சொல்லக் கூடாதுங்க.”

“அதென்ன ரகசியம்? என் பேரு, என் ஜெபம்!”

அவர் சிரித்தார். பக்கத்தில் ஞானம் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோ வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். என் கூடவே, என் வேகத்துக்கு, நின்று நின்று வீட்டுக்கு நடந்து வந்தாள்.

வந்து கட்டிலில் சாய்ந்தேன். உடம்பு முழுவதும் வலி. வியர்வை. யார் அந்த ஆள், என் பெயரை எடுக்கச் சொன்னது யார் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தேன். கடகட, கடகட.

“ஞானம், இந்த ஃபேன் எத்தனை நாளா இப்படிச் சத்தம் போடுது?” என்றேன். “பேரிங் போயிருக்குமோ? இல்ல மேல போல்ட்டு லூசா?”

அவள் விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். வெயிலில் நடக்கவைத்துவிட்டேன் என்று எரிச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, “கஞ்சி குடிக்கிறீங்களா?” என்றாள். குடித்தேன். உப்புக் குறைவு என்று சொன்னேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. மனசும் பழையபடிதான் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். முந்தின நாள் மதகில் உட்கார்ந்திருந்த நேரத்தில் “எடுத்துக்கொள்ளும்” என்ற ஜெபம் என் வாயில் வரவில்லை என்பதை யோசித்துக் கண்டுபிடித்தேன். ஏன் வரவில்லை? தண்ணீரைப் பார்த்ததாலா? பக்கிரிசாமியோடு பேசினதாலா? கோபத்தாலா? இல்லை, வெறும் நடையாலா? ஒரு மோட்டார் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை என்றால் நான் சும்மா விடுவேனா? எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

வாசல் வரைக்கும் மட்டும் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் தெளிவு. தெருமுனை வரைக்கும் போனால் இன்னும் கொஞ்சம். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் தண்ணீரைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்கிரிசாமியை வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசினேன். பரவாயில்லை, ஆனால் அவர் போனதும் பழையபடி இருள். அவரைத் தேடி நான் நடந்துபோய்ப் பேசினால், திரும்பி வந்த பிறகும் வெளிச்சம் தங்கியது. ஒரு நாள் பக்கிரிசாமியே வந்து ஃபேனைக் கழற்றிக் கீழே இறக்கிக் கொடுத்தார். மடியில் வைத்துப் பிரித்தேன். பேரிங்தான். வறண்டு தேய்ந்துபோயிருந்தது. புதிது மாட்டினேன். அன்றைக்கு ஞானம் ஃபேனுக்குக் கீழே நின்று வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலைக் காட்ட மறுபடியும் தஞ்சாவூர் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவை வேண்டி ஜெபித்ததையும் மறைக்கவில்லை. அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள்.

“இதுக்குப் பேரு மனச்சோர்வு ஐயா. வயசானவங்க நடமாட்டம் நின்னு போனா நிறைய பேருக்கு வருது. வெளிய சொல்ல மாட்டாங்க. வயசாயிட்டா அப்படித்தான்னு வீட்டுலயும் விட்டுடுவாங்க.”

“கால்ல அடிபட்டதுக்கு மனசு ஏம்மா படுக்கணும்? ரெண்டுக்கும் நடுவுல என்ன ஒயரு ஓடுது?”

“ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். நடக்கலன்னா மனசு சோரும். மனசு சோர்ந்தா நடக்கத் தோணாது. எந்தப் பக்கம் முதல்ல ஆரம்பிச்சதுன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. ஆனா எந்தப் பக்கத்துல இருந்து வேணும்னாலும் திருப்பி இழுக்கலாம்.”

இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இன்னும் கேள்விகள் இருக்கின்றன. ஆனால் ஒன்று புரிந்தது. நாள்பட நின்றுபோன கிணற்றுப் பம்பு சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் எடுக்காது. மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும். தண்ணீர் எடுக்கவே தண்ணீர் வேண்டும். மனசு வந்தால் நடக்கலாம் என்று நான் காத்திருந்தேன். நடந்திருந்தால் மனசு வந்திருக்கும். மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டேன். அதையும் ஆண்டவர் கொடுத்த உதவியாகத்தான் எண்ணுகிறேன். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், என் தொடையில் இருக்கும் ஸ்க்ரூவைக் காட்டுகிறேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தெரு சேறு. ஞானம் வாசலைத் தாண்டவிடவில்லை. ஒரு வாரம் கட்டிலும் நாற்காலியுமாக இருந்தேன். அந்த இருட்டு மறுபடியும் மெல்ல வந்தது. சோறு மண்ணாயிற்று. மகளுக்கு “ம்” சொல்ல ஆரம்பித்தேன். பழைய ஜெபம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எல்லாம் போய்விட்டது, இத்தனையும் வீண் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்குள்ளே பழைய மெக்கானிக் எட்டிப் பார்த்தான். ‘நடை நின்றது, இருட்டு வந்தது. மறுபடியும் நடந்தால் போகிறதா, பார்.’

எங்கே நடப்பது? ஆலயம்! கூரை உண்டு, வழுக்காத தரை உண்டு. குடையும் ஆட்டோவுமாகப் போய், போதகரிடம் சாவி வாங்கினேன். யாரும் இல்லாத ஆலயத்தில் நடுவழியில் பெஞ்சு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எந்தப் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். கை வைத்த பெஞ்சுக்காரருக்காக ஒரு வார்த்தை ஜெபித்தேன். தையல்காரர் பெஞ்சு, அவருடைய புண் ஆறட்டும். வாயாடி அக்கா பெஞ்சு, அந்த அம்மாவின் மருமகளுக்குப் பொறுமை தாரும். வெளியே மழை கொட்டியது. பீடத்துக்கு முன்னால் வந்து திரும்பும்போது கவனித்தேன், நான் எனக்காக ஒன்றுமே கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சோறு சோறாக இருந்தது.

அதற்குப் பிறகு இருட்டு வந்தால் எனக்குப் பயம் குறைவு. வரும், போகும், போகிற வழி தெரியும்.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் தீராமலே இருந்தது. என் பெயரை எடுக்கச் சொன்னது யார்? மூப்பர்களிடம் கேட்டேன். தையல்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். போதகரிடம் வேதபாட வகுப்பின் நடுவே கேட்டுப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தை அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. நான் வாக்கர் இல்லாமல், ஒரு கைத்தடியோடு நடந்துபோய் என் காணிக்கையை வைத்தேன். எங்களுக்கு வயல் இல்லை. ஃபேனிலிருந்து கழற்றிய அந்தத் தேய்ந்த பேரிங்கைத் துடைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தின் மேல் வைத்துப் படைத்தேன். பண்டிகை ஏலத்தில் அதையும் ஏலம் விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஏலத்தை வேடிக்கை பார்க்க வந்த பக்கிரிசாமி அதை எடுத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மதகில் உட்கார்ந்தோம், நானும் ஞானமும். வாய்க்காலில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தப் பேரிங்கைக் கையில் உருட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் மறுபடியும் கேட்டேன்.

“யாரு ஞானம் அது? உனக்குக்கூடத் தெரியாதா?”

“நாந்தான்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

“வாராவாரம் படுத்த படுக்கை, படுத்த படுக்கைன்னு ஊருக்கே சொல்றாங்க. நீங்க அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கீங்க. எனக்கு ஆலயத்துல உக்கார முடியல. அந்த வார்த்தையை விட்டுடுங்க ஐயா, என் ஜெபத்தை நான் பாத்துக்கறேன்னு போதகர்கிட்ட சொன்னேன்.”

“நான் கோபத்துல எந்திரிப்பேன்னு தெரிஞ்சா சொன்ன?”

“எனக்கு எப்படித் தெரியும்? அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு,” என்று மேலே கையைக் காட்டினாள்.

“உன் ஜெபம் என்ன? கால் சரியாகணும்னா?”

“காலை டாக்டரம்மா பாத்துக்கிட்டாங்களே.” புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைக் கேள்வி கேட்டே கொன்னீங்க. இது ஏன், அது எப்படி, இதை யாரு எடுத்தாங்கன்னு. திடீர்னு வீடு சத்தமில்லாம போயிடுச்சு. ஆண்டவரே, இந்த மனுஷன் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும், அது போதும்னுதான் ஜெபம் பண்ணேன். அந்த ஃபேனு பங்குனியிலயே சத்தம் போட ஆரம்பிச்சுடுச்சு. வாசல்ல நின்னு விசாரிச்சுட்டுப் போன பக்கிரிசாமி அண்ணன் அப்பவே கழட்டித் தரேன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். எப்படியும் ஒருநாள் இவரு கேப்பாருன்னு விட்டுவச்சேன்.”

அந்தக் கோடை முழுவதும், அந்தக் கடகடப்புக்குக் கீழேதான் அவளும் படுத்திருந்தாள். அன்றைக்கு நான் ஃபேனைப் பற்றிக் கேட்டதும் அவள் சமையலறைக்கு ஓடினது எரிச்சலில் அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். அத்தனை மாதம் வராத அழுகை, மதகில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்க வந்தது.

பிரியமானவர்களே, ஜெபம் கேட்கப்பட்டதற்கு நான் சாட்சி. ஆனால் என் ஜெபம் கேட்கப்படவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபம் போனது. ஒன்று “எடுத்துக்கொள்ளும்” என்றது. இன்னொன்று “ஒரு கேள்வி கேட்கவையும்” என்றது. எந்த ஜெபத்துக்குச் செவிகொடுக்கவேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. என்னுடையதைத் தள்ளிவிட்டதற்காக நான் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இப்போது படுத்திருப்பவர்களைப் பார்க்க நானும் போகிறேன். வீட்டார் முறைத்தாலும் பரவாயில்லை என்று, படுத்திருப்பவரிடமே “எனக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க” என்று கேட்பேன். சிலர் எழுந்து கொடுத்திருக்கிறார்கள். சொம்பை வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். எழவே முடியாதவரிடம் வேறு ஏதாவது உதவி கேட்பேன், கையாலோ வாயாலோ ஆகிற உதவி. நம் சபை ஜெபத்திலும் அந்தப் பழைய வார்த்தை இப்போது இல்லை, கவனித்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நடக்கவையுங்கள், அவருக்காக நம்பிக்கையோடு ஜெபியுங்கள். ஆனால் அவருக்காக வீட்டில் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிடாதீர்கள். ஏதாவது ஒன்று கடகடக்கட்டும். ஒருநாள் அவர் மேலே பார்த்து, “இது ஏன் இப்படிச் சத்தம் போடுது?” என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்லுங்கள். ஞானத்தைப்போல் சமையலறைக்குள் ஓடிவிடாதீர்கள். அப்படியே ஓடினாலும் பரவாயில்லை. அங்கேயும் ஆண்டவர் இருக்கிறார்.